நூற்று இருபத்தொன்பது நாள் குறைவு

ஜெசிந்தா ஹார்வன் நகரத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இந்த ஐந்து வருடத்தில் அவள் ஒரு நாள்கூட அந்த ஊரைத் தாண்டிப் போனதில்லை. ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் கூடத்தில் மதியம் மூன்று மணி ஷிப்ட். அதற்குப் பதினான்காம் நம்பர் பஸ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். அந்த வெளிநாட்டுக் குளிரில் இதற்கு மேல் சுற்றிப் பார்க்கவும் அவளுக்கு ஆசை இருந்ததில்லை. ஆகவே நிரந்தரக் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோது, போதிய நாட்கள் அவள் அந்த நாட்டில் தங்கவில்லை என்று வந்த பதிலை, வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்து அஞ்சல்பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் அது அங்கேயே இருந்தது. பெயர் அவளுடையதுதான்.

நகர நூலகத்தின் மாடியில் புதிதாக வந்தவர்களுக்கு உதவ ஒரு மேசை உண்டு. செவ்வாயும் வியாழனும் அதில் குகநேசன் உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக அடுத்தவர்களுடைய படிவங்களை நிரப்பிக்கொடுத்து, எந்தச் செய்தியையும் ஒரே குரலில் சொல்லப் பழகியிருந்தார்.

"அஞ்சு வருசத்தில ஆயிரம் நாள் நீங்கள் இஞ்ச இருந்திருக்க வேணும் அக்கா. உங்களுக்கு எண்ணூற்று எழுபத்தொண்டு. நூற்று இருபத்தொன்பது நாள் குறையுது."

"நான் எங்கயும் போகலயே சார். பாஸ்போர்ட்டப் பாருங்க, வந்த சீல் ஒண்ணுதான் இருக்கு."

"உடம்பு போகேல்லை. அது அதிகாரியளுக்கும் தெரியும். நீங்கள் தொலையுடல் பாவிக்கிறனீங்களோ?"

பயன்படுத்தினாள். தூத்துக்குடியில் அவளுடைய தங்கை ரொசாரியின் வீட்டில், கிரைண்டருக்குப் பக்கத்தில், அது சார்ஜில் நின்றது. ஆளுயரம், சாம்பல் நிறம், சின்னச் சக்கரங்கள், இமை மூடித் திறக்கும் இரண்டு கண்கள். ஹார்வனில் ஜெசிந்தா தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால், அங்கே அது கண்ணைத் திறக்கும். அது பார்ப்பதை இவள் பார்ப்பாள், கேட்பதைக் கேட்பாள், அதன் கையால் தொட்டால் இவளுக்குச் சூடு தெரியும். தூத்துக்குடியில் யாரும் அதைத் தொலையுடல் என்று சொல்வதில்லை. பொம்மை என்பார்கள். எல்லாப் பொம்மைக்கும் கம்பெனி ஒரே முகம் வைத்திருந்ததால், ரொசாரி இதற்கு அக்காவின் பழைய சுடிதாரைப் போட்டுவிட்டிருந்தாள். ஜோவிட்டாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தால் முன்வரிசையில் ஒரே முகத்தோடு பதினொரு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜோவிட்டா ஜெசிந்தாவின் ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா லாம்பர்ட் துறைமுகத்து வாசலில் லாரி மோதி இறந்தார். பன்னிரண்டில் அம்மா இங்கே வந்தாள். அன்றிலிருந்து தினமும் இங்கே காலை பதினொரு மணிக்கு, அங்கே மாலை நாலரைக்கு, பொம்மை கண்ணைத் திறக்கும். பாதி நாள் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், மற்றப் பாதி மூன்றரை ஆகிவிடும். பாடம், காபி, பேன் பார்ப்பது, திட்டுவது எல்லாம் அதற்குள்தான்.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் சட்டத்தை மாத்திப்போட்டினம்," என்றார் குகநேசன். "ஒரு நாளில மூண்டு மணித்தியாலத்துக்கு மேல ஒராளின்ர புலன் வெளிநாட்டில இருந்தா, அந்த நாள் அவர் வெளிநாட்டில இருந்த நாள். பழைய நாளுக்கும் சேர்த்துத்தான் எண்ணுவினம். உங்களுக்கு அப்பிடித் தொளாயிரத்து ஐம்பத்தஞ்சு நாள்."

"அரை மணி நேரம் கூடிட்டதுக்கா?"

"ஓம்."

ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்தாள். அட்டை காலாவதியாக இரண்டு மாதம் இருந்தது. அட்டை போனால் மகளை அழைத்துக்கொள்ளப் போட்டிருந்த விண்ணப்பமும் போகும். ஜோவிட்டாவுக்குப் பதினேழு வயது நாலு மாதம். பதினெட்டு முடிந்தால் அவள் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள். புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை பன்னிரண்டு வருடம் நீளம்.

"ஒரு வழி இருக்கு," என்றார் குகநேசன். "கவனக் கழிவு எண்டு ஒரு பிரிவு. தலைப்பட்டை உங்கட மூளையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் அங்க இருக்கேக்க மனசு வேற எங்கையும் போனா, அந்த நிமிசங்களை அது தனியாக் குறிச்சு வைக்கும். அதைக் கழிக்கக் கேக்கலாம். கழிச்சு மூண்டு மணித்தியாலத்துக்குக் கீழ வந்தா, அந்த நாள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்."

"எம் மனசு எங்கயும் போகாது சார். பிள்ளகூட இருக்கிற நேரம் அது. நான் அங்கதான் இருந்தேன்."

"அக்கா, தயவுசெய்து அப்பிடி ஒரு இடத்திலயும் சொல்லாதேங்கோ. அங்கதான் இருந்தனான் எண்டா கார்ட் இல்லை. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நீங்கள் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்திருக்க வேணும். இருந்திருப்பியள். பயப்பிடாதேங்கோ."

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு நாட்களில் அரை மணிக்கு மேல் அவள் மனசு மகளிடம் இருக்கவில்லை.

குகநேசன் மகிழ்ந்துபோனார். அவர் மகிழ்ச்சியைக் காட்டுவதென்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். "நல்ல எண்ணிக்கை அக்கா. இவ்வளவு நல்லா நான் கண்டதில்லை."

ஜெசிந்தா பட்டியலைப் பார்த்தாள். தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று மட்டும் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று நாற்பத்தொரு நிமிடம். அன்றைக்கு மகளைக் கட்டிப்பிடித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதே வாரம் சலவைக் கூடத்தில் மடிப்பு இயந்திரம் பழுதாகி, சூப்பர்வைசர் எல்லோர் மீதும் எரிந்து விழுந்ததும் ஞாபகம் இருந்தது. நாற்பத்தொரு நிமிடமும் அந்த இயந்திரத்தோடுதான் போயிருக்கும்.

"முந்நூறு நாளாவது குடுப்பம். பாதுகாப்பு," என்றார் குகநேசன்.

"நூத்தி நாப்பது போதும்."

"ஏன் அக்கா?"

"எம்பிள்ளய நான் கவனிக்கலன்னு எழுதித் தர்றதுக்கு ஒரு அளவு வேணும்லா?"

அவர் வற்புறுத்தவில்லை. ஜெசிந்தா இரண்டு இரவுகள் உட்கார்ந்து நாட்களைப் பொறுக்கினாள். பிறந்தநாள்களைத் தொடவில்லை. லாம்பர்ட்டின் நினைவுநாள்களைத் தொடவில்லை. பத்தாம் வகுப்பு முடிவை விட்டுவிட்டாள். ஒன்றுமே நடக்காத சாதாரணச் செவ்வாய், புதன்களாகப் பார்த்து நூற்று நாற்பது எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு விசயம் இருக்கு," என்றார் குகநேசன். "ஒண்டு, அந்த நிமிசங்களில உங்கட மகள் கதைச்சது பதிவில இருக்கு. அதை அதிகாரி கேக்கிறதுக்கு மகள் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்க வேணும். ரெண்டாவது, நேர்முகம். இருபது நாளைத் தெரிஞ்செடுத்து, அண்டைக்கு மகள் என்ன சொன்னவ எண்டு உங்களிட்டைக் கேப்பினம். தெரியாது எண்டு சொல்ல வேணும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நீங்கள் அங்க இருந்திருக்கிறியள் எண்டு அர்த்தம். ஒரு சரியான பதிலுக்கு ஏழு நாள் வெட்டுவினம். உங்களிட்டைக் கூடுதலா இருக்கிறது பதினொரு நாள். ஒரு பதில் தெரிஞ்சிருக்கலாம். ரெண்டு தெரிஞ்சா முடிஞ்சுது. அதோட, நேர்முகத்துக்கு முன்னம் பதிவைக் கேக்கப்படாது, மகளிட்டையும் விசாரிக்கப்படாது."

சம்மதப் படிவம் ஜோவிட்டாவுக்குப் போனது. அவள் பேசியதெல்லாம் எழுத்தாக அதோடு இணைக்கப்பட்டிருந்தது, இருநூறு பக்கத்துக்கு மேல். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாள் பொம்மை கண் திறந்தபோது, "கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றாள். கேட்கக் கூடாது என்பதால் ஜெசிந்தா எதையும் கேட்கவில்லை. இருவரும் இயற்பியல் படித்தார்கள்.

நேர்முகத்துக்குச் சலவைக் கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, வெளிர்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அதிகாரியின் பெயர் திருமதி வோல்டன். ஐம்பது வயதிருக்கும், சளி பிடித்திருந்தது. மேசை மேல் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று இருந்தது. அது யாரும் பேசாத ஒரு தமிழைப் பேசியது.

"வணக்கம். தங்களுக்குத் தெரிந்தவற்றை மறைத்தல் குற்றமாகும். தொடங்கலாமா?"

"தொடங்குங்க."

"இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி ஒன்பது. விளையாட்டு வகுப்பில் விழுந்ததில் தமக்கு எந்தக் கையில் அடிபட்டதென மகள் கூறினார்?"

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "விழுந்தாளா?"

"வினாவுக்கு மட்டும் விடையளிக்க வேண்டுகிறேன்."

"தெரியாது."

திருமதி வோல்டன் ஒரு கட்டத்தில் குறி போட்டார். ஒரு நாள் காப்பாற்றப்பட்டது.

"அதே ஆண்டு, ஜூலை இரண்டு. வேதியியல் தேர்வு மதிப்பெண்ணைத் தாம் தாயிடம் மாற்றிக் கூறியதாக மகள் ஒப்புக்கொண்டார். உண்மையான மதிப்பெண் யாது?"

"தெரியாது."

"ஆகஸ்டு பதினேழு. எந்தத் தோழி தம்முடன் பேசுவதை நிறுத்திவிட்டதாக மகள் கூறினார்?"

பள்ளி முழுக்க ஜோவிட்டாவுக்குத் தோழிகள் என்றுதான் ஜெசிந்தா நினைத்திருந்தாள். "தெரியாது."

"செப்டம்பர் ஐந்து. மகள் ஒரு பூனைக்குப் பெயரிட்டார். அப்பெயர் யாது?"

"கலெக்டர்!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கொல்லையில் வந்து மீன் தலையைத் தின்றுவிட்டு யாரையும் மதிக்காமல் நடந்து போகும் சாம்பல் பூனை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று 'தெரியாது'க்குப் பிறகு அவளுக்குத் தொண்டை வரை சந்தோசம் வந்தது.

"விடை சரி. ஏழு நாட்கள் கழிக்கப்படுகின்றன," என்றது கருவி. "வருந்துகிறேன்" என்று திருமதி வோல்டன் சொன்னதையும் சேர்த்துச் சொன்னது.

அதன்பிறகு அவள் ஜாக்கிரதையாக இருந்தாள். உண்மையில் ஜாக்கிரதை தேவைப்படவில்லை. மகள் எந்த ஆசிரியைக்குப் பயந்தாள், எதற்காக மூன்று வாரம் மதியச் சாப்பாட்டைத் தூக்கிப் போட்டாள், சித்தி வீட்டில் எந்த அறையில் படுக்கப் பிடிக்கவில்லை என்றாள், எந்தப் பையனுடைய கடிதத்தைக் கிழித்தாள் – எதுவும் தெரியாது. ஒவ்வொரு கேள்வியிலும் அவள் அறியாத ஒரு ஜோவிட்டா கொஞ்சம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திருமதி வோல்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு குறி போட்டார்.

பதினான்காவது கேள்வி.

"சென்ற ஆண்டு, மார்ச் இருபத்தொன்று. மறைந்த தந்தையைக் கனவில் கண்டதாக மகள் கூறினார். கனவில் அவர் எங்கு நின்றார்? யாது அணிந்திருந்தார்?"

ஜெசிந்தாவுக்கு இது தெரியும். துறைமுகத்து வாசலில், மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில். ஜோவிட்டா சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கும் லாம்பர்ட் ஞாபகம் வந்து, பேச முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து நிமிடம். மனசு இங்கே ஹார்வனுக்கு வரவில்லை, பதினான்காம் நம்பர் பஸ்ஸுக்குப் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில், அதே ஊரில், அதே மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரம் அதை 'இல்லை' என்று எழுதியிருந்தது.

நூற்று முப்பத்துமூன்று நாள் கையில் இருந்தது. ஏழு போனால் நூற்று இருபத்தாறு.

"விடை தெரியுமா?" என்றது கருவி.

"தெரியாது."

"உறுதியாகவா?"

"தெரியாதுங்க."

திருமதி வோல்டன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குறி போட்டார்.

கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: "இவ்வாண்டு, ஜனவரி முப்பது. இந்நாட்டுக்கு வருவது குறித்து மகள் இரண்டு காரணங்களைக் கூறினார். அவை யாவை?"

"வர்றதுக்குக் காரணமா, வராம இருக்கிறதுக்கா?"

"வினா அவ்வளவே."

"தெரியாது," என்றாள் ஜெசிந்தா. அது உண்மை.

"நன்று. தங்கள் குடியிருப்பு போதுமானது. வாழ்த்துகள்."

குகநேசன் வெளியே காத்திருந்தார். அவளுக்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இனித்தான் கவனம் அக்கா. முடிவின்ர நகல் மகளுக்கும் போகும். அவவோட கதைக்கிறதெல்லாம் பதிவாகும். நீங்கள் தெரியாது எண்டு சொன்ன ஒண்டைத் தெரியும் எண்டு அங்க சொல்லிப்போடாதேங்கோ. பொய் வாக்குமூலம் எண்டு எடுத்தா கார்டும் போகும், பிள்ளையின்ர ஃபைலும் போகும்."

"நான் என்ன பொய் சொன்னேன்?"

"ஒண்டும் சொல்லேல்லைத்தானே. பொதுவாச் சொன்னனான்," என்றார் குகநேசன். முப்பது வருடத்தில் அவர் நிறைய முகங்களைப் பார்த்திருந்தார்.

ஒன்பதாம் நாள் அட்டை தபாலில் வந்தது. புதுப் படத்தில் அவள் திகைத்துப்போனவள் மாதிரி இருந்தாள். அன்று பதினொரு மணிக்குத் தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாள். தூத்துக்குடியில் கண் திறந்தபோது ஜோவிட்டா மேசையருகே உட்கார்ந்து முடிவின் நகலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கார்டு வந்துட்டு மக்கா," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும். எனக்கும் வந்துச்சு. இருபதுல ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு. கலெக்டர்."

"ஏம்ட்டி, கையில அடிபட்டத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேம்மா. அதத்தான அவங்க கேட்டாங்க." ஜோவிட்டா காகிதத்தை மடித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நீ எங்கயோ போயிட்டா பொம்மைக்குக் கண்ணு பாதில நின்னுடும். இமைக்காது. ஏழாப்புலயே கண்டுபிடிச்சிட்டேன். அப்பத்தான் எல்லாத்தயும் சொல்லுவேன். முழிச்சிட்டிருக்கும்போது சொன்னா நீ கத்துவ. இல்லன்னா அழுவ. அங்க போய் வேல பாக்கணும்ல உனக்கு."

ஜோவிட்டா மடித்த காகிதத்தை மறுபடி விரித்தாள்.

"அது பரவால்ல. ஆனா அப்பா கனவு சொன்னேன்ல, அன்னைக்கு மட்டும் நீ கேட்டேன்னு நெனச்சேன். கண்ணு பாதியிலதான் நின்னுச்சு. ஆனா பொம்ம என் கையப் பிடிச்சிட்டிருந்துச்சு. விடவே இல்ல." அவள் காகிதத்தில் விரலை வைத்தாள். "இதுல தெரியாதுன்னு போட்டிருக்கு."

ஹார்வனில் நாற்காலியில் இருந்த உடம்பு முன்னால் சாய்ந்தது. மஞ்சள் மழைக்கோட்டு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சைப் பதிவு செய்யத் தலைப்பட்டையின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜோவிட்டாவுக்குப் பதினெட்டு ஆக ஆறு மாதம் இருந்தது.

"ஆமா மக்கா," என்றாள் ஜெசிந்தா. "தெரியாது."

"சரிம்மா."

ரொசாரி அடுக்களையில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். ஜோவிட்டா புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடும் போல் ஜெசிந்தாவுக்கு இருந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். இமைக்கவும் மறந்தாள். பொம்மையில் அது மகளுக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு அடுத்த கணமே உறைத்தது. உறைத்த பிறகும் அவள் இமைக்கவில்லை. இமைகளைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஜோவிட்டா பொம்மையின் முகத்துக்கு முன்னால் கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"எனக்கு அங்க வரப் பயமா இருக்கும்மா," என்றாள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரலில். "ஒண்ணு, நீ என்ன நெனச்சு வச்சிருக்கியோ, நான் அது இல்ல. நீ பாத்தது தெனமும் மூணு, மூணரை மணி நேரம் மட்டும்தான். மத்த நேரத்துல நான் எப்படின்னு உனக்குத் தெரியாது. நீ எப்படின்னு எனக்கும் தெரியாது. ரெண்டாவது, இங்க நான் நர்சிங் சேரலாம்னு இருக்கேன். பெரிய கோயில் பக்கத்துல இருக்கே, அந்தக் காலேஜ். ஆனா நீ இவ்வளவு கஷ்டப்பட்டுட்ட. வரலன்னு எப்படிச் சொல்றது? வந்து ஒரு வருசம் இருந்து பாக்கேன். பிடிக்கலன்னா திரும்பி வந்துருவேன். இத உங்கிட்ட நேரா எப்படிச் சொல்லன்னு தெரியல."

அவள் நிறுத்தினாள். ஹார்வனில் ஜெசிந்தாவின் கன்னத்தில் வழிந்தது தலைப்பட்டையின் வாரில் போய் நின்றது. பொம்மைக்கு அழும் வசதி கிடையாது. கம்பெனி அதை வைக்கவில்லை.

ஒரு நிமிடம் கழித்து ஜெசிந்தா இமைத்தாள்.

"என்னமும் சொன்னியா மக்கா?"

"ஒண்ணுமில்லம்மா."

மகளை அழைக்கும் விண்ணப்பம் நாலாம் மாதம் ஏற்கப்பட்டது. பயண ஏற்பாட்டுப் படிவத்தைக் குகநேசன்தான் நிரப்பினார். குடியேற வருகிறவர்களுக்கு எல்லோரும் ஒருவழி டிக்கெட்தான் எடுப்பார்கள் என்பதால் கேட்காமலே அதைக் குறிக்கப் போனார். ஜெசிந்தா அவர் கையைத் தடுத்தாள்.

"ரெண்டு வழியும் போடுங்க சார். திரும்புற தேதி ஒரு வருசம் கழிச்சு."

"திரும்பிப் போறதெண்டா ஏன் அக்கா இவ்வளவு பாடு?"

"அவ போவான்னு சொல்லல. போடுங்க."

டிக்கெட்டின் நகல் மறுநாள் தூத்துக்குடிக்குப் போனது. அன்று மாலை நாலரைக்குப் பொம்மை கண்ணைத் திறந்தபோது, ஜோவிட்டா அதை விரித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். திரும்பும் தேதியின் மேல் அவள் பெருவிரல் இருந்தது. அம்மாவின் கண்கள் முழுக்கத் திறந்து, ஒழுங்காக இமைத்துக்கொண்டிருந்தன. அவள் வெகுநேரம் அவற்றையே பார்த்தாள்.

"ம்மா," என்றாள் கடைசியில். "ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு," என்றாள் ஜெசிந்தா.